கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது

எங்கள் ஊர் ஆற்றங்கரைப் பூங்காவை எல்வின் ஹோலப்தான் பார்த்துக்கொண்டார். புல் வெட்டுவார், டல்லாஸ்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் பீர் டப்பாக்களைப் பொறுக்குவார். மடுவின்மேல் சாய்ந்த சைப்ரஸ் மரத்தில், ஆடிக் குதிக்க ஒரு கயிறு உண்டு. தண்ணீரின் ஆழம் எட்டடிக்குக் குறைந்தால் அதைச் சுருட்டிக் கட்டுவதும் அவர் பொறுப்பு.

மழையில்லாத அந்த ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை அளந்து பார்த்தார். ஐந்தடி. ஏணி வண்டியிலேயே இருந்தது. வெயில் கொளுத்தியது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

ஞாயிறு காலையிலேயே எங்கள் ஊர் டஸ்டின் மடுவுக்கு வந்துவிட்டான். மத்தியானம் வந்த மனைவி ரேலினைச் சீண்டினான்: "பயமா இருந்தா கரையிலயே உக்காந்துக்கோ." அவள் கயிற்றில் ஆடிக் குதித்தாள். முதுகெலும்பு முறிந்தது. பிறகு அவள் நடக்கவேயில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் எல்வின் சொன்னார்: "நேத்தே சுருட்டிக் கட்டிட்டேனே. யாரோ அவுத்திருக்காங்க."

"நான் போறப்பவே கயிறு தொங்கிட்டுத்தான் இருந்துச்சு" என்று டஸ்டின் ஊரெல்லாம் சொன்னான். காலையிலிருந்தே அங்கே இருந்த அவன்தான் அவிழ்த்திருப்பான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. பூங்கா வாசலில் ஐஸும் தூண்டில் புழுவும் விற்கும் என் கடையில் ஒருவர் கேட்டார்: "அதுவா மரத்துலேருந்து எறங்கி வந்துச்சாக்கும்?" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ரேலினும் அவனை நம்பவில்லை. அவன் எங்கள் மாநிலத்தின் மேற்கே இருக்கும் ஒடெஸ்ஸாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான்.

ரேலினின் சக்கர நாற்காலி ஏற, எல்வின் அவள் வீட்டு வாசலில் சாய்தளம் கட்டிக்கொடுத்தார். வாராவாரம் இறைச்சி சுட்டுக் கொண்டுபோனார். ஒருநாள் அவள் சொன்னாள்: "என் புருஷனுக்கு உங்க மனசுல பாதி இருந்திருந்தா, மிஸ்டர் எல்வின்."

எல்வின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கேட்டாள்: "ரெண்டு வருஷமா இத வச்சுக்கிட்டா எனக்குச் சோறு கொண்டுவந்தீங்க?" பிறகு, "அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க."

எல்வின் ஒடெஸ்ஸாவுக்கு ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார். டஸ்டின் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். கடைசியில், "அவள நான்தான் சீண்டினேன். அது பொய்யில்லையே" என்றான். அடித்திருந்தால் தேவலை என்று எல்வின் என்னிடம் சொன்னார். மறுநாள் போலீஸிலும் சொன்னார். வேலை போனது.

கிறிஸ்துமஸுக்கு டஸ்டின் வந்தான். அவன் வண்டி ரேலின் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றது. திரும்பும் வழியில் என் கடையில் ஐஸ் வாங்கினான்.

"அன்னிக்கு நானும் சிரிச்சேன், டஸ்டின்" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு போனான்.