மூடி வைத்த துப்பாக்கி

என் வீட்டுக்காரர் வெர்லின் ஸ்கேக்ஸ் ஒரு துப்பாக்கியை நல்லது என்றோ கெட்டது என்றோ வாய் திறந்து சொன்னதே கிடையாது. பார்த்து முடித்ததும் மேஜையில் வைப்பார். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட்டைத் திறந்தபடி வைத்தால், வாங்காதே என்று அர்த்தம். போல்ட்டை மூடி, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து வைத்தால், தாராளமாக வாங்கலாம். எங்கள் ஸ்லேட் ஃபோர்க் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் அப்பீல் இல்லை. பாதிரியார் பிரசங்கத்திலேயே குறுக்கே பேசுகிற ஜனங்கள்தான். ஆனால் இந்த மனுஷன் மூடி வைத்ததை ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

துப்பாக்கிச் சந்தை பழைய ஸ்கேட்டிங் கொட்டகையில் நடக்கும். நான் அங்கே உப்புக்கண்டம் விற்பேன். என் மேஜையின் ஓரத்தில், காபி டிரம்முக்குப் பக்கத்தில் வெர்லின் உட்கார்ந்திருப்பார். சந்தையில் எல்லாத் துப்பாக்கியின் போல்ட்டையும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டித்தான் வைத்திருப்பார்கள். வெர்லின் கேட்டால் மட்டும் வியாபாரியே கத்தரியோடு வந்து வெட்டிக் கொடுப்பான்.

அவரிடம் வருவதெல்லாம் பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரியானவை. ருமேனியாவிலும் போலந்திலும் ராணுவம் கழித்துப் போட்டதைத் துண்டு துண்டாக அறுத்து, பிசுக்கோடு பெட்டியில் அனுப்புவார்கள். இங்கே புதிதாக ஒரு நடு உடம்பு செய்து, அந்தப் பழைய பாகங்களை அதில் பூட்டி விற்பார்கள். பூட்டுகிற கையைப் பொறுத்துத்தான் எல்லாம். முன்பக்கக் குறிமுனை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ரிவிட் அடித்த இடம் நசுங்கியிருக்கும். தோட்டாக் கூடு லொடலொடவென்று ஆடும். ஆனால் வாங்க வருகிறவன் இதையெல்லாம் பார்க்க மாட்டான். பாகங்களில் பொறித்திருக்கிற நம்பர் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். ஒன்றாக இருந்தால் ஒரே துப்பாக்கியின் பாகங்களாம், சுத்த ரத்தமாம்! "நம்பரையா சுடப்போறான்?" என்று என் மனுஷன் என் காதில் முணுமுணுப்பார்.

அவர் நம்பியது ஒரு சின்ன இரும்புக் கட்டையைத்தான். தோட்டா வடிவத்தில், தோட்டாவைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கும். அதை உள்ளே வைத்து போல்ட்டைத் தள்ளினால் மூடக் கூடாது. மூடினால் உள்ளே இடம் அதிகம் என்று அர்த்தம். தோட்டா பின்னால் கிழிந்து, நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கே வரும். இன்றைக்கு வராது, நாளைக்கும் வராது, என்றைக்காவது ஒருநாள் வரும். என் அண்ணன் ஆர்லிஸுக்கு அப்படித்தான் வலது கண் போனது. அவனுடைய கண்ணாடிக் கண்ணைப் பார்த்த பிறகுதான் வெர்லின், அதுவரைக்கும் சுரங்கப் பட்டறையில் கடைசல் பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடந்தவர், இந்தக் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வர ஆரம்பித்தார்.

எங்களுக்கு ஒரே மகன், டால்டன். சுரங்கத்தில் முதுகு போய், டாக்டர் வலிக்கு மாத்திரை கொடுத்து, அந்த மாத்திரை அவனையே தின்றது. எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு வாசப்படி. அவன் மீண்டு வந்தான். எப்படி வந்தான் என்று என்னிடம் கேட்காதீர்கள், என் வயிறுதான் அறியும். வந்ததும் லைசென்ஸ் வாங்கி, பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் துப்பாக்கி பூட்ட ஆரம்பித்தான். கை நடுக்கம் நின்றது. சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்தால் தட்டைக் காலி பண்ணினான். அந்தக் கொட்டகைதான் என் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த கயிறு. அது எனக்கும் தெரியும், வெர்லினுக்கும் தெரியும்.

முதல் துப்பாக்கியை முடித்து, அப்பாவிடம் காட்டாமலேயே நேராகச் சந்தைக்குக் கொண்டுவந்தான்.

"அப்பாகிட்ட ஒரு தடவை காட்டிடேன்டா" என்றேன்.

"அங்க வந்து பாக்கட்டும்மா. ஊரான் வீட்டுத் துப்பாக்கி மாதிரியே பாக்கட்டும்" என்றான். ரோஷக்காரன்.

அதை எடுத்தது ஹோபர்ட். பள்ளி பஸ் ஓட்டுகிறவன், எங்கள் சர்ச்சுக்காரன், ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. தங்கமான மனுஷன், வாய்தான் ஓயாது. "அண்ணே, உன் மகன் சரக்கு! நம்பர் எல்லாம் ஒண்ணு போல இருக்கு. மாமூலா ஒரு தடவை பாத்துடு" என்று வெர்லின் முன்னால் வைத்தான்.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கோடியில் டால்டன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

வெர்லின் குறிமுனை வழியாகப் பார்த்தார். நேராக இருந்தது. ரிவிட்டுகளைக் கட்டைவிரலால் தடவினார். பொத்தான் மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தன. தோட்டாக் கூட்டை மாட்டி ஆட்டினார், அசையவில்லை. அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் பையிலிருந்து கட்டையை எடுத்து உள்ளே வைத்து போல்ட்டைத் தள்ளினார். இன்னொரு தடவை இழுத்துத் தள்ளினார். அவர் காது சிவந்தது.

கட்டையை எடுத்துப் பையில் போட்டார். போல்ட்டை மூடினார். கைக்குட்டையால் துடைத்து வைத்தார்.

"அடி சக்கை!" என்று ஹோபர்ட் தொடையில் தட்டினான். டால்டனைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கும் ஒன்று செய்து கொடு, எனக்கும் என்று முதுகில் தட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தபோது சிரித்த சிரிப்பை என் மகன் சிரித்தான். நான் முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு லாரியில் திரும்பும்போது மனுஷன்தான் ஓட்டினார். பாலம் தாண்டியதும் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"மூடிடுச்சு, ஒனைடா."

"என்ன மூடிடுச்சு?"

"கட்டையை வச்சேன். போல்ட் மூடிடுச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "ஏய்யா, எங்க அண்ணன் கண்ணப் பாத்த மனுஷனாய்யா நீ? ஹோபர்ட் வீட்டுல சின்னப் பிள்ளைங்க இல்ல?"

"அவன் அங்க நின்னான். அவன் மூஞ்சியப் பாத்தேன். கை தானா மூடிடுச்சு."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் மூடித்தான் வைத்திருப்பேன்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் ஹோபர்ட் வீட்டுக்குப் போனோம். கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு தருகிறேன், துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்றார் வெர்லின்.

ஹோபர்ட் சிரித்தான். "நீ மூடி வச்ச துப்பாக்கிய எவன்ணே திருப்பிக் கொடுப்பான்? நீயே ரெண்டு மடங்கு தர்றேன்னா அது எப்பேர்ப்பட்டதா இருக்கும்!"

"அது சரியில்ல, ஹோபர்ட். நான் பொய்யா வச்சேன்."

"மகன் செஞ்ச முதல் துப்பாக்கி. வீட்டுல இருக்கணும்னு இப்பத் தோணுது, இல்ல? பொய் சொல்ல வரலியேண்ணே உனக்கு."

வெர்லின் கட்டையை எடுத்து, அந்தத் துப்பாக்கிக்குள் அவன் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினார். போல்ட் சொகுசாக மூடிக்கொண்டது. "பாரு, மூடுது!" என்றார்.

"மூடினா நல்லதுன்னு ஊருக்கே தெரியுமேண்ணே" என்றான் ஹோபர்ட்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை காலமும் இவர் வாய் திறந்து ஏன் எதற்கு என்று விளக்கியிருந்தால்தானே? ஊர் பார்த்ததெல்லாம் மேஜையில் மூடி வைத்ததை மட்டும்தான்.

"ஆர்லிஸ் கண்ண நெனச்சுப் பாரு" என்று நான் கெஞ்சினேன்.

"அண்ணி, ஆர்லிஸ் யார்கிட்டயும் காட்டாம வாங்கினான். நான் அண்ணன்கிட்ட காட்டியில்ல வாங்கினேன்?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இந்த மனுஷன் சொல்லைக்கூடக் கொட்டவில்லை. கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தார், அவ்வளவுதான். "ராவோட ராவா திருடிட்டு வந்துடுய்யா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஹோபர்ட் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. துப்பாக்கியைச் செய்த கையே வந்து தப்பு என்று சொன்னால் ஹோபர்ட் நம்புவான். வெர்லின் முதல் தடவையாக அந்தத் தகரக் கொட்டகைக்குள் போனார். நான் கதவருகே நின்றேன்.

"போல்ட்டையும் குழலையும் அளந்து பாத்தியா?"

"எதுக்கு? ரெண்டும் ஒரே நம்பர். ஒரே துப்பாக்கில இருந்து வந்தது. பொறந்ததுல இருந்து ஜோடி" என்றான் டால்டன்.

"குழல ஒரு தடவ உருவிட்டாங்கன்னா ஜோடியாவது ஒண்ணாவது. மறுபடி எங்க உக்காருதோ அதுதான் கணக்கு."

டால்டன் அரத்தைக் கீழே வைத்தான். "அப்ப நேத்து அத்தனை பேர் முன்னால மூடி வச்சியே?"

வெர்லின் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எம்மேல இரக்கப்பட்டியா?"

"டால்டன்..."

"கெட்டதுன்னு தொறந்து வச்சிருக்கலாம்ப்பா. கோவம் வந்திருக்கும். வந்து மறுபடி சரி பண்ணியிருப்பேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

இருந்தாலும் டால்டன் எங்களோடு ஹோபர்ட் வீட்டுக்கு வந்தான். தப்பு என்னுடையது, பணத்தை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடு என்று கேட்டான். ஹோபர்ட் கேட்டால்தானே! "அப்பனும் மகனும் சேந்து நாடகம் போடுறீங்களா? சுட்டே பாத்துடுவோம்" என்று துப்பாக்கியோடு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்குக் கிளம்பிவிட்டான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். துப்பாக்கியை ஹோபர்ட் தோளில் வைக்குமுன் டால்டன் பிடுங்கிக்கொண்டான். "சுடணும்னா நான்தான் சுடணும்" என்றான். வெர்லின் தடுக்க ஓடினார். அதற்குள் அவன் சுட ஆரம்பித்துவிட்டான்.

தோட்டாக் கூடு காலியாகும் வரை சுட்டான். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உயிர் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் எதிரே நட்டிருந்த குறிப் பலகையில் போய் அழகாகப் பதிந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். "வெர்லினுக்கு வயசாயிடுச்சு, மகன்கிட்ட கத்துக்கட்டும்" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

டால்டன் குனிந்து, சுட்டு விழுந்த ஒரு பித்தளைக் கூட்டை எடுத்துப் பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டான். அவனைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, எப்படி?" என்றான் ஹோபர்ட்.

"நல்லா இருக்கு" என்றான் என் மகன்.

அந்தப் பித்தளைக் கூடு துணி துவைக்கும்போது என் கையில் கிடைத்தது. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு. வெர்லினிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கிழிய ஆரம்பிக்கிற இடம் என்றார். அப்பன் மகனுக்காக ஒரு பொய் சொன்னார். மகன் அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒன்று சொன்னான். இரண்டு பேரையும் நிற்க வைத்து அறையலாம் போலிருந்தது. யாரை அறைவது? மகன் கொட்டகையைப் பூட்டிவிட்டான். கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினான். மறுபடி ஹோபர்டிடம் போகச் சொன்னபோது, "யாரும்மா நம்புவாங்க எங்கள?" என்றான். சாப்பாட்டுத் தட்டு மறுபடி மிஞ்ச ஆரம்பித்தது. கை மறுபடி நடுங்கியது, பழைய மாத்திரை மறுபடி வந்து சேர்ந்தது. பனி உருகுகிற காலத்தில் ஒருநாள், பெட்ரோல் பங்க்கில் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி கிடந்தான். எழுப்பினார்களாம். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் அடுப்படியில் நிறைந்து கிடந்தன. ஹோபர்ட் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். நான் அந்தப் பித்தளைக் கூட்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"டால்டன் சுட்டதுதான் இது. இந்தக் கோட்டப் பாரு. அவனுக்குத் தெரியும், ஹோபர்ட். சுட்ட அன்னிக்கே எடுத்துப் பையில ஒளிச்சு வச்சுக்கிட்டான். அந்தத் துப்பாக்கியக் கொடுத்துடுப்பா."

ஹோபர்ட் அதை மூடிய கையால் நெஞ்சில் வைத்துக்கொண்டான். "அண்ணி, இத நான் வச்சுக்கட்டுமா? அவன் கையால பூட்டினதும் எங்கிட்ட, அவன் கையால சுட்டதும் எங்கிட்ட. அத எந்த ஜென்மத்துலயும் விக்க மாட்டேன். வருஷா வருஷம் அவன் பொறந்தநாளுக்கு எடுத்து ஒரு ரவுண்டு சுடுவேன். எம்பொண்ணுக்கும் சுடக் கத்துக்குடுப்பேன்."

வெர்லின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து அந்த இரும்புக் கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை நான் இன்னும் எடுக்கவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது. அவர் சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

இன்றைக்கு டால்டன் பிறந்தநாள். நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஹோபர்ட் சுட ஆரம்பித்துவிட்டான். ஒரு சத்தம் கேட்டதும் வெர்லின் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்த சத்தம் கேட்கிற வரைக்கும் இருவரும் மூச்சு விடுவதில்லை. நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, இந்தத் தடவை இடைவெளி விட்டு விட்டு, தயங்கித் தயங்கி. துப்பாக்கி அந்தச் சின்னப் பெண்ணின் கைக்கு மாறிவிட்டது.