சிஸ்டருக்காக நான் எழுதிய கோரிக்கை மனு

பிள்ளைகளா, உங்கள் இருவரையும் முதன்முதலில் கையில் வாங்கியவர் தளி ரோட்டில் கன்னியர் மடத்து டிஸ்பென்சரி சிஸ்டர்தான். அப்போது நான் வெளியே நின்றேன். அந்தச் சிஸ்டருக்கு உங்கள் அப்பா உதவப் போன கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. அம்மா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

சிஸ்டர் அங்கே நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார். காட்டோரத்துக் கிராமங்களுக்கு நடந்தே போவார். கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சமாதானம் சொல்லி ஊசி போடுவார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு மாற்றல் வந்தது, வயதான கன்னியர்கள் இருக்கும் மடத்துக்கு.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் அப்போது ஓசூர் கம்பெனியில் யூனியன் கமிட்டி மெம்பர். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு கடிதம், நிர்வாகத்துக்கு யூனியன் அனுப்பும் கோரிக்கைக் கடிதம். அதில் 'நிர்வாகம்' என்ற இடத்திலெல்லாம் மடத்துத் தலைவியான 'மதர் சுப்பீரியர்' என்று மாற்றினேன். 'பழிவாங்கும் இடமாற்றத்தை உடனே ரத்து செய். தவறினால் அடுத்தகட்டப் போராட்டம்.' ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை டிஸ்பென்சரி கதவிலும் ஒட்டினேன். கம்பெனியில் ரப்பர் ஒட்டும் பசை, சாதாரணப் பசை அல்ல.

மதர் பயந்தாரோ என்னவோ, மாற்றலை ஒரு வருடம் தள்ளிவைத்தார். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். ஜெயிச்சிட்டோம்."

மதர் திருப்பி அனுப்பியிருந்த மனுவைச் சிஸ்டர் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். "யாருப்பா என்னைப் பழிவாங்குனது?"

"மேலிடம் சிஸ்டர்."

"மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு லெட்டர் போட்டதே நான்தான். மூணாவது லெட்டருக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க."

மாலையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"போன மாசம்கூட லேபிள் தெரியாம ஒரு குழந்தைக்குப் பெரியவங்க மருந்தை ஊத்தப் போனேன். நர்ஸம்மா பாத்துக் கையைப் பிடிச்சிட்டா. அவ இல்லாத அன்னிக்கு என்னப்பா ஆவும்? ஒரு பிள்ளை போச்சுன்னா கொடி பிடிப்பியா?"

"இப்ப என்ன சிஸ்டர் பண்றது?"

"ஒட்டுனவன் நீதானே, நீயே போய்ப் பேசு. அப்புறம், மதருக்கு 'ரத்து செய்'யா? 'செய்யுங்கள்'னு போட்டா பேனா தேஞ்சிடுமா?"

மறுநாள் லீவு போட்டு மதர் முன்னால் நின்றேன். "கோரிக்கையை வாபஸ் வாங்கறோம் மதர்."

"எல்லாருமா?"

"கமிட்டி கூடி முடிவெடுத்திருச்சு." அந்த மனுக் கமிட்டியில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

"போராட்டம்?"

"அதுவும் ரத்து மதர்."

அடுத்த வாரம் சிஸ்டர் கிளம்பினார். ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிப்பை. அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"படுக்கையில கிடக்கற சிஸ்டருங்க இருக்காங்க. பக்கத்துல உக்காந்து பேசிட்டிருப்பேன். அதுக்குக் கண்ணு வேணாம்ல. நீ அங்கயும் மனு கொண்டாந்துடாதே."

வண்டி போனதும் கூட்டம் கலைந்தது. நான் மட்டும் திரும்பி வந்து கதவிலிருந்த மனுவைப் பிளேடால் சுரண்டினேன். பசை லேசில் விடவில்லை. பெயின்ட்டும் சேர்ந்து உரிந்தது. 'அடுத்தகட்டப் போராட்டம்' என்ற வரிதான் கடைசியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பே ஒரு டப்பா பச்சை பெயின்ட்டோடு போய், அந்தக் கதவு முழுவதையும் அடித்துவிட்டு வந்தேன்.