உருளை மானுக்குக் காத்திருக்குமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கே, ஆற்றங்கரைக் காகித ஆலையில் வேலை பார்த்த மார்லிஸ் சாஸ்ட்ரோ சண்டைக்காரி அல்ல. சண்டைக்காரி அவள் அம்மா எல்ஃப்ரீடாதான். தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் விஷயமாக அண்ணன் பெண்டாட்டியோடு முறைத்துக்கொண்டு, சாகும்வரை முகம் பார்க்காதவள். மார்லிஸ் அப்பாவைக் கொண்டு பிறந்த பொறுமைசாலி. அவளுக்கே கோபம் வந்ததென்றால் எப்பேர்ப்பட்ட அநியாயம் நடந்திருக்க வேண்டும்!

ஆலையில் ஒவ்வொரு உருளையிலும் சென்சார் ஒட்டியிருந்தார்கள். அதிர்வையும் சூட்டையும் கவனித்து, உருளையைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குகளில் எது எப்போது உடையும் என்று செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அது சொல்வதைப் போர்மேனிடம் சொல்வதுதான் மார்லிஸின் வேலை. அதை வாங்கிய அன்று மேலாளர் கேக் வெட்டினார்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை ஆலையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் மட்டும் எவன் வேலைக்கு வரப்போகிறான்? அதனால் எந்தப் பழுதையும் அதுவரை தள்ளிப்போடுவது அங்கே வழக்கம். குழாய் ஒழுகினாலும் “மானுக்குப் பாத்துக்கலாம்” என்பார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை திரை சிவந்து கத்தியது. காகிதம் உலர்த்தும் மூன்றாவது உருளையின் பேரிங் வாரக் கடைசி வரை தாங்காது என்றது. அந்த உருளையடியில் நிற்பவன் ஆரின், அவள் தங்கை ஜாய்லீனின் புருஷன். மார்லிஸ் போர்மேன் டுவேனிடம் ஓடினாள். அந்தச் சாலட் சண்டை அத்தையின் மகன்தான் இந்த டுவேன்.

“டுவேன், மூணாவது உருளை தாங்காதாம். நிறுத்து.”

“யாரு சொன்னா?”

“கேக் வெட்டி வாங்குனீங்களே, அதுதான்.”

“சனிக்கிழமை எப்படியும் நிறுத்தத்தானே போறோம்? மானுக்குப் பாத்துக்கலாம்.”

“மான் வேட்டை வருதுன்னு உருளைக்குத் தெரியுமாடா?”

“அப்படியே உங்கம்மாவ உரிச்சு வச்சிருக்க. போ, போய் அந்தச் சத்தத்த அமத்து. காது வலிக்குது.”

போய் அமர்த்தினாள். மறுநாளும் கத்தியது, மறுநாளும் அமர்த்தினாள். வியாழக்கிழமை மேலாளரிடமே போனாள். “போர்மேன்கிட்ட சொல்லிட்டீங்கல்ல? அவரு பாத்துப்பாரு” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது திரை மறுபடி கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, கிழிந்த காகிதத்தை இழுத்தெடுக்க ஆரின் அந்த உருளைக்கடியில் தோள்வரை கைகளை விட்டுக் குனிந்திருந்தான். மார்லிஸ் படிகளில் இறங்கி ஓடி, ஆபத்துக்கு ஆலையை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். ஆலை மொத்தமும் அடங்கிப்போனது.

“பைத்தியமா உனக்கு?” என்று டுவேன் கத்தினான்.

“திறந்து பாரு. அப்புறம் கத்து.”

திறந்தார்கள். பேரிங் குறுக்கே பிளந்து கிடந்தது. இரும்பு தூளாகக் கொட்டியது. இன்னும் ஒரு ஷிப்ட் ஓடியிருந்தால் உருளை ஆரின் மேலேயே இறங்கியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு வாசலில் பலகை வைத்தார்கள்: ‘செயற்கை நுண்ணறிவு பெரும் விபத்தைத் தடுத்தது!’ கீழே மேலாளரும் டுவேனும் பல்லைக் காட்டும் படம். அனுமதியில்லாமல் ஆலையை நிறுத்திய குற்றத்துக்கு மார்லிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரை தடுத்ததாம்! திரைக்குக் கை இருக்கிறதா, கயிறு இழுக்க? அது தொண்டை கிழியக் கத்தியபோது வாயை அடைக்கச் சொன்னவர்களுக்குப் படம்!

வேட்டை முடிந்ததும் ஆள் அனுப்பினார்கள். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ‘தப்பு செய்தேன்’ என்று சொன்னால் வேலை உண்டு.

“சொல்லிட்டுப் போயேன் மார்லிஸ், வெறும் வார்த்தைதானே” என்றான் ஆரின். தான் சுட்ட மானைச் சமையலறை மேசையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். அந்த இரண்டு கைகளையும் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள். “தப்புதான்” என்றாள். மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“செவ்வாக்கிழமை மொத தடவ கத்துனப்பவே இழுத்திருக்கணும். இந்த டுவேன் பேச்சக் கேட்டு அமத்துனேன் பாருங்க, அதான் தப்பு. இனிமே கத்துச்சுன்னா யாரையும் கேக்க மாட்டேன்.”

டுவேன் தன் பூட்ஸைப் பார்த்தான். பின்வரிசையில் ஆரின் முதலில் கை தட்டினான். பிறகு கூடமே தட்டியது. மார்லிஸ் நேரே போய்த் திரைக்கு முன்னாலிருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.