மச்சினன் முதுகுக்கு ஒரு தட்டு

என் மச்சினனுக்குக் கை நீளம். திருடுகிற நீளம் அல்ல, அடிக்கிற நீளம். மலைமேல் கம்போங் ராஜாவில் கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கும் லோரி ஓட்டுகிறான். வழியில் உரசிய கார்க்காரர், வரிசையில் முந்திய லோரிக்காரர், மிச்சக் காசை மேசைமேல் வீசிய கடைக்காரர் எல்லாரும் அவன் உள்ளங்கையின் அகலம் அறிந்தவர்கள். நானும்தான். முதல் அறை என் கல்யாணத்தன்றே விழுந்தது. மணவறையில் அவன் அக்காவிடம், "சிரிக்காத, போட்டோ கெட்டுடும்" என்று சொல்லிவிட்டேன். கழுத்தில் மாலையும் கன்னத்தில் ஐந்து விரலுமாக நான் நிற்கிற படம் எங்கள் ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் ஈப்போ ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்குப் பிரசவம். குழந்தை வந்துவிட்டது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. இவன் தாழ்வாரத்துச் சுவரைக் குத்த ஆரம்பித்தான். முட்டி பிளந்து, வெள்ளைச் சுவரில் சிவப்பாகப் பூப்பூவாக அச்சு விழுந்தது. அடிக்க வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் முருகனைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு பேரயும் திருப்பிக் குடு. என் முதுக எடுத்துக்க."

அது வேண்டுதலா மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முருகனும் ரொம்ப யோசிக்கவில்லை, இரண்டு பேரையும் கொடுத்துவிட்டார். ஆகவே தைப்பூசத்துக்கு இவன் முதுகிலும் மார்பிலும் கொக்கி குத்திக் காவடி எடுக்க வேண்டும். வாடகைக்குக் கிடைத்த காவடி எதுவும் இவன் தோளுக்குப் போதவில்லை. பகலில் தேயிலை ஆலையில் ஃபிட்டராகவும், மற்ற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனாகவும் இருக்கிற என்னிடம் வந்து நின்றான்.

"நீங்கதான் மச்சான் செஞ்சு தரணும்."

'நீங்க' என்று அவன் என்னைச் சொன்னது அதுதான் முதல் முறை. காரணம் விரதம். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, கறி இல்லை, பீர் இல்லை. பூசாரி அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "யார் மேலயாச்சும் கை வச்ச, விரதம் அதோட போச்சு."

இந்தச் செய்தி என் காதில் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு மண்டலம் முழுக்க புலிக்கு வாய்ப்பூட்டு! அவன் எதிரில் உட்கார்ந்து கோழி வறுவலை எலும்பு நொறுங்கக் கடித்துத் தின்றேன். "என்ன சாமி, பசிக்குதா?" என்று கேட்டேன். அவன் கழுத்து நரம்பு விடைக்கும். விரல்கள் மடங்கும், விரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா சாப்புடுங்க மச்சான்" என்பான். அந்த 'நீங்க'வில் ஒரு கொலை இருந்தது.

செய்ய வேண்டிய பொருள் இதுதான். காவடிச் சட்டம் தோளிலும் இடுப்பிலும் உட்காரும். தலைக்கு மேலே சாப்பாட்டுத் தட்டளவில் தடித்த அலுமினியத் தட்டு ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றித் துளைகள். துளைக்கு ஒரு கம்பி, குடைக்கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பிக்கு ஒரு சங்கிலி, சங்கிலி நுனியில் கொக்கி, கொக்கி அவன் தோலுக்குள். துளைகள் ஒரே இடைவெளியில் இருந்தால் எல்லாக் கொக்கியும் சமமாக இழுக்கும். கோணலானால் காவடி ஒரு பக்கம் சாயும், எதிர்ப்பக்கத்தில் தோல் கிழியும். கிழிவது துணி இல்லை, என் வீட்டுக்காரியின் தம்பி.

"எத்தன ஓட்ட மாப்ள?"

"இருபத்தேழு. நட்சத்திரக் கணக்கு."

"முப்பத்தாறு வச்சுக்கயேன். பத்துப் பத்து டிகிரியா சுலபமா போயிடும்லா."

"சாமி கணக்குல பேரம் பேசாதீங்க."

என்னிடம் ஒரு ரோட்டரி டேபிள் உண்டு. ஈப்போவில் பழைய இரும்புக் கடை முதலாளி, அந்தத் தவுக்கே, என் தலையில் கட்டியது. வட்டமான கனத்த இரும்பு மேசை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு முழுச்சுற்று சுற்றினால் மேசை நான்கு டிகிரி நகரும், அதற்கு மேல் ஒரு மயிரிழை நகராது. இரும்பைச் சீவுகிற மில்லிங் மெஷினில் அதை ஏற்றி, பொருளை அதன்மேல் இறுக்கி, சுற்றிச் சுற்றித் துளை போடலாம், விளிம்பை வட்டமாகச் சீவலாம். வீட்டுக்கு வந்த அன்றே அது என் கால் கட்டைவிரல்மேல் விழுந்து நகத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் உறவு அப்படித் தொடங்கியது.

முதல் தட்டு. சதுரத் துண்டாக வாங்கியதை வட்டமாகச் சீவிக்கொண்டிருந்தேன். வெட்டுகிற கட்டர் சுழலும் திசைக்கு எதிராகத்தான் பொருளைக் கொடுக்க வேண்டும். கூடவே கொடுத்தால் கட்டர் அதைக் கவ்வி இழுத்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மச்சினன் மஞ்சள் வேட்டியோடு வாசலில் வந்து நின்றான். சும்மா விட முடியுமா? திரும்பி, "என்ன சாமி, பிரசாதம் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினேன், தப்பான பக்கம்.

மெஷின் ஒரு உறுமல் உறுமியது. தட்டு பிடுங்கிக்கொண்டு என் காதை உரசிப் பறந்து தகரச் சுவரைக் கிழித்து, பக்கத்து வீட்டு சௌசௌ பந்தலில் போய் விழுந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்பு நேரே என் வாய்க்கு வந்தது. முன்பல் ஒன்று பாதியில் முறிந்தது. உதடு பிளந்து சட்டை முழுக்க ரத்தம். நான் தரையில் உட்கார்ந்து பல்லின் மறுபாதியைத் தேடினேன்.

மச்சினன் நிதானமாக வந்து மெஷினை நிறுத்தினான். விரதம் தொடங்கியதிலிருந்து அன்றுதான் சிரித்தான்.

"நான் கை வக்கலக்கா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். "நீயே பாத்துக்க! இது மெஷின் குடுத்தது!"

என் மனைவி ஓடிவந்து முதலில் கேட்டது, "தட்டு என்னாச்சு?"

இரண்டாவது தட்டை ஒழுங்காகச் சீவினேன். வாயைத் திறக்கவில்லை, திறந்தால் வலித்தது. பிறகு ரோட்டரி டேபிளைச் செங்குத்தாக நிமிர்த்தி, தட்டை அதன் முகத்தில் இறுக்கி, விளிம்பில் துளை போட ஆரம்பித்தேன். முந்நூற்று அறுபதை இருபத்தேழால் வகுத்தால் ஒரு துளைக்கு மூன்று சுற்றும் மூன்றில் ஒரு பங்கும். இந்த மூன்றில் ஒரு பங்குதான் எமன். கைப்பிடிக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள சக்கரங்களின் பல்லிடுக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் கோயிலை வலம் வருவதுபோல ஒரே திசையில்தான் போக வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பொசுக்கென்று பின்னால் திருப்பக் கூடாது. நன்றாகப் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்துதான் நிற்க வேண்டும். நான் சில இடங்களில் தாண்டினேன், சோம்பலில் லேசாகப் பின்னால் தட்டி வைத்தேன். கடைசித் துளை போட்டு முடித்தபோது, அதற்கும் முதல் துளைக்கும் நடுவில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மற்ற இடைவெளிகளில் கட்டைவிரலே போனது.

மச்சினன் வந்தான். தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

"கோணலாப் போச்சு மாப்ள."

அவன் துளைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தான். நெருங்கிய இடத்தில் விரல் நின்றது.

"இத மாட்டிக்கிட்டு நடந்தா?"

"இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் கிழியும்."

அவன் கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று என் மூக்கில் பட்டது, கை படவில்லை. கண்ணைத் திறந்தால் முட்டி என் மூக்கு நுனிக்கு நேராக நின்றிருந்தது. பிளந்து ஆறிய தழும்புகளை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நொடி தட்டைத் தரையில் போட்டான். பெரிய சம்மட்டியை எடுத்தான். கொட்டகை அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் அலமாரியிலிருந்து ஸ்பானர்கள் கொட்டின. தட்டு மடங்கி, நெளிந்து, துளைகள் வாய் பிளந்து, யாரோ மென்று துப்பியதுபோல ஆகும்வரை அடித்தான். வேர்வை சொட்டச் சொட்ட நிமிர்ந்தான்.

"மனுசன் மேல கை வக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"ஆமா மாப்ள," என்றேன் மிகுந்த மரியாதையோடு.

"இன்னொரு தட்டு எடுங்க. நீங்க ஓட்ட போடுங்க. இத நான் சுத்துறேன்."

லோரி ஸ்டியரிங்கையும் பிறர் சட்டைக் காலரையும் மட்டும் பிடித்துப் பழகிய கை அது. அந்தச் சின்னக் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்தான். சுற்றுக்கு ஒரு 'வேல்' சொன்னான். வேல், வேல், வேல். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் கீறி வைத்த கோடு வரைக்கும் தள்ளி நிறுத்துவான். துளையிலிருந்து சூடான அலுமினியச் சுருள் தெறித்து அவன் வெற்றுத் தோளில் ஒட்டிப் பொசுக்கும். அவன் நகரவில்லை. எனக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. முறிந்த பல்லுக்குப் பின்னாலேயே அதை விழுங்கினேன். அவன் ஒரு தடவை தாண்டிவிட்டான். நான் சொல்லாமலே வெகுதூரம் பின்வாங்கி, ஒரே மூச்சாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கடைசி இடைவெளியை அளந்தோம். மற்றவற்றைப் போலவே இருந்தது. இரண்டாம் முறை அளந்தேன், நம்பிக்கை இல்லாமல். மூன்றாம் முறை என் மனைவி அளந்தாள், என்மேல் நம்பிக்கை இல்லாமல்.

தைப்பூசத்தன்று காலையில் பனி. வெறும் உடம்போடு நின்ற மச்சினன் முதுகில் பூசாரி தோலைக் கிள்ளி இழுத்துக் கொக்கியைச் செருகினார். தோல் கூடாரம்போல எழும்பியது. நான் வேறு திசையில் இருந்த ஒரு கார் டயரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவடி ஏறியது. தட்டு நேராக நின்றது. அவன் ஆடினான், சங்கிலிகள் குலுங்கின, கொக்கிகள் ஒன்றாக இழுத்து ஒன்றாகத் தளர்ந்தன.

கோயிலுக்குப் போகும் பிரிஞ்சாங் ஏற்றத்தில் பையன்கள் கூட்டம் ஒன்று விசிலடித்துக்கொண்டு குதித்தது. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் பின்னால் பார்க்காமல் எகிறி, முழு உடம்போடு சங்கிலிகள்மேல் விழுந்தான். காவடி ஆடியது. கொக்கி குத்திய இடத்துத் தோல் அத்தனையும் ஒரு விரல் நீளத்துக்கு எழுந்தது. மச்சினன் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இதற்குமுன் கேட்டதில்லை. தட்டு சாய்ந்து, நின்று, மெல்ல நிமிர்ந்தது.

"தள்ளிப் போடா, கொக்கி இருக்குது!" என்று என் மனைவி கத்தினாள்.

"நீ என்னா பெரிய இவளா? ரோடு உங்கப்பனுதா?" என்றவன் மறுபடியும் தோளால் ஒரு இடி கொடுத்தான், வேண்டுமென்றே.

மச்சினன் சட்டத்தைப் பிடித்திருந்த கை இறுகியது. கை வைக்க முடியாது. வைத்தால் சுவரில் ரத்தம் வழிய அவன் கேட்டு வாங்கியதெல்லாம் வீண். அவன் மெதுவாகக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை நான். முழுப் பலத்தையும் திரட்டி ஒரு குத்து விட்டேன். அது காற்றில் போயிற்று, நானும் அதோடு போய் ஒரு முழுச்சுற்று சுற்றினேன். திரும்பி வந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரன் முட்டி காத்திருந்தது. புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்தேன். விலாவில் ஒரு உதை, முதுகில் இரண்டு. யார் யாரோ மிதித்தார்கள், அதில் பக்தர்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேளம் நிற்கவில்லை. காவடி என்னைத் தாண்டி மேலே போவது ஒரு கண்ணில் தெரிந்தது. பிறகு 'டங்' என்று ஒரு ஓசை. என் மனைவி பித்தளைச் சொம்பால் கறுப்புக் கண்ணாடியின் மண்டையில் போட்டிருந்தாள். அந்தக் குடும்பத்தின் கை அவளுக்கும் உண்டு.

கோயிலில் கொக்கிகளைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் பூசாரி திருநீறை அப்பினார். என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை, ஒரு கண் முழுதாக மூடிக்கொண்டிருந்தது.

"எத்தன கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

மனைவி அவன் முதுகு முழுக்க விரல் வைத்துப் பார்த்தாள். மார்புப் பக்கம் வந்தாள். அவள் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

"ஒன்னுகூட கிழியல," என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கிளினிக்குக்கு என்னை மச்சினன்தான் கொண்டுபோனான். உடம்பெல்லாம் திருநீறோடு மஞ்சள் வேட்டியில் அவன், ரத்தச் சட்டையோடு நான். மருந்து கொடுக்கிற பெண் அவனைப் பார்த்து, "காவடி எடுத்தீங்களா அண்ணே? காயத்தக் காட்டுங்க" என்றாள்.

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. இவருக்குத்தான் தைக்கணும்."

"இவரும் காவடியா?"

"இல்ல. சும்மா கூட வந்தாரு."

ஊசியைப் பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். பார்த்தேன். அதற்குப்பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தையல் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லையாம். மச்சினன் என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தானாம். வாசலில் நின்ற என் மனைவி, "எறக்கி வைடா! முதுகுடா! முதுகு!" என்று அலறியிருக்கிறாள்.

"சும்மா இரு அக்கா," என்றானாம் அவன். "காவடியில பாதி வெயிட்டு கூட இல்ல இந்த மனுசன்."