தலைமாடு மாறிய கட்டில்

எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காக்காவைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்வது நான்தான். சாப்பிட்டாரா? ஓம். உடம்பில் நோ இருக்கா? இல்லை. அவர் கட்டிலில் கிடந்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆமிக்குப் போன மூத்தவர், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், இடக்கை மடங்காமல் வந்த நாளிலிருந்து நான் அவருடைய வாய். அவர் கேட்டு நான் வாயானதில்லை.

இந்த வருசம் ஒரு கடிதம் வந்தது. காயப்பட்ட படைவீரர்களை வீட்டிலேயே பராமரிக்க உதவி உண்டாம். உதவிக்கு வரும் ஆளையும் நேரத்தையும் அவரே தெரிவு செய்யலாமாம். ஆனால் தன் காரியத்தைத் தானே நடத்தக்கூடியவரா என்று ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். இல்லையென்று கண்டால், கடல் வாசமே படாத தூரத்தில், தமிழ் கதைக்க ஆளில்லாத ஓர் இல்லத்தில் இடம். அவரைத் தூக்கித் தூக்கி அவர் மனைவிக்கு, என் மதினிக்கு, முதுகு போய்விட்டது. இனியும் அப்படியே ஓட்ட ஏலாது.

"நான் போகமாட்டன்," என்றார் காக்கா. பிறகு, "கட்டிலத் திருப்புங்க," என்றார்.

அறை ஒடுக்கம். ஒரு சுவரோடுதான் கட்டில் போடலாம், எதிரே வாசல். தொழும் திசையான கிப்லாப் பக்கம் கால் நீட்டக்கூடாதென்று தலைமாட்டை மேற்கே வைத்திருந்தோம். அதனால் அவருடைய நல்ல வலக்கை இத்தனை வருசமும் சுவரைத் தடவிக்கொண்டு கிடந்தது. அதபு, மரியாதை என்று நினைத்து நாங்களே அவரைக் கட்டிப்போட்டிருந்தோம். தலைமாடு கிழக்கே, கடல் பக்கம் வந்தால் அந்தக் கை வெளியே வரும், சக்கர நாற்காலியைப் பிடிக்கும்.

மதினியின் உம்மா சம்மதிக்கவில்லை. மகளுக்குச் சீதனமாக அவர் கட்டிக் கொடுத்த வீடு. அங்கே மாமி சொல்தான் சட்டம். காக்கா கோபிக்கவில்லை. போனை வாங்கி, மாமிக்கும் கேட்கிற மாதிரி, பள்ளி மௌலவியிடம் தானே கேட்டார். சரிந்து படுத்துத் தொழ ஏலாதவர் மல்லாந்து, பாதத்தைக் கிப்லாவுக்கு நீட்டித்தான் தொழுவார், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்க, முகம் அந்தப் பக்கம் பார்க்கட்டும் என்றார் மௌலவி. மாமி தன் அறைக்குப் போய்த் தன் தலையணையையே எடுத்து வந்தார்.

கட்டில் திரும்பியது. காக்கா பழகத் தொடங்கினார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பலகை. வலக்கையை ஊன்றி, செத்த இடுப்பை அங்குலம் அங்குலமாக இழுத்துச் சறுக்கவேண்டும். இரண்டு தரம் விழுந்தார். பிடிக்க ஓடினேன்.

"விடு தம்பி. உன்ட கை கவிதை எழுதுறதோட நிக்கட்டும்."

மூன்றாம் தரம் நான் வாசலோடு நின்றுகொண்டேன். ஓடாமல் நிற்பதற்கு எவ்வளவு பெலன் வேண்டுமென்று அன்றுதான் தெரிந்தது.

அதிகாரி வந்தார். அவரும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், இவரை யார் தூக்குவது என்று. வாயைத் திறந்தேன். மூடினேன். காக்கா ஆமியில் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னார்: தன்னை யாரும் தூக்கவேண்டாம், குளிப்பாட்ட மட்டும் ஒரு ஆம்பிளை போதும், விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வந்தால் சரி, ஆளையும் பார்த்தாயிற்று. அந்த ஆள் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற, அடுத்த தெரு கிறிஸ்தவர்; வேதக்காரர் என்போம். எங்கள் ஆட்களில் ஒருவர் கிடைக்கவில்லையா என்று மாமி முன்பே முணுமுணுத்திருந்தார்.

"அவர்தான், மாமி, என்னத் தொடுறதுக்கு முந்திக் கேட்பார்," என்று காக்கா அப்போதே சொல்லியிருந்தார்.

பிறகு பலகையில் கை ஊன்றினார். பாதி வழியில் தோள் நடுங்கி நின்றுவிட்டது. அறையில் ஒருவரும் அசையவில்லை. காக்கா மூச்சை இழுத்துக்கொண்டு மற்றப் பாதியையும் கடந்தார். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் உதவி கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை விடிய, வேதக்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார்.

"தொடங்குவமா?"

"பொறுங்க," என்றார் காக்கா. "தேத்தண்ணி குடிச்சிட்டு."