மோசமான தாய் என்று எழுதிய அட்டை

என் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் அப்படித்தான்; அதனால் இதை நிதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அம்மா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரிகிற முந்நூறு பெட்டிகள். மரத்தூள் மாற்ற வேண்டும், தண்ணீர்ப் புட்டி கழுவ வேண்டும், குட்டிகளை எண்ண வேண்டும். அங்கே எல்லாரும் அவளை 'எலியக்கா' என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் உதடும் அண்ணமும், அதாவது மேல்வாயும், பிளந்து பிறந்தவள். உதட்டைத் தைத்த தழும்பு இன்னும் இருக்கிறது, பேச்சும் கொஞ்சம் மூக்கால் வரும். பிறந்த புதிதில் உறிஞ்சத் தெம்பில்லை. புகட்டிய பாலும் மூக்கு வழியாக வந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் பிள்ளை?" என்றாராம். அம்மா சொட்டுக் குழாயால் ஒன்பது மாதம் பால் புகட்டி என்னைப் பிழைக்க வைத்தாள். ஆனால் அத்தையின் அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. நாலு பேர் கூடினால் அத்தை சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிடுவார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அறைக்குப் புதுவகை எலிகள் வந்தன. கருவில் முகமும் மண்டையும் எப்படி உருவாகின்றன என்று பார்ப்பதற்காக, ஒரு மரபணுவை மாற்றி வளர்த்தவை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவை வாங்கிய குட்டி நாலுக்கு ஒன்றாவது தேற வேண்டும். மூன்று வாரம் கழித்துக் காதில் துளி சதை எடுத்துச் சோதித்தால், அப்படி ஒன்றுகூட இல்லை. பிறந்த அன்று பெட்டிக்கு வெளியிலிருந்து எண்ணினால் எட்டுக் குட்டி, நாலாம் நாள் ஆறு.

குட்டி போட்ட பெட்டியை மூன்று நாள் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். திறந்தால் தாய் மிரண்டு குட்டிகளைத் தின்றுவிடுமாம். திறக்காமலே எண்ணிக்கை குறைந்தால் பழி தாய்மேல். பெட்டியில் தொங்கும் அட்டையில் அந்த ஆராய்ச்சியை நடத்தும் விஞ்ஞானி சிவப்பு மையால் 'மோசமான தாய்' என்று எழுதுவார். இரண்டு தடவை சிவப்பு விழுந்தால் அந்தத் தாயைக் கொன்றுவிடுவார்கள். இப்படிப் பதினான்கு அட்டைகள்.

பிறந்த எலிக்குட்டிக்குத் தோல் மெல்லியது. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாக வெளியே தெரியும். சில குட்டிகளுக்கு அந்த வெள்ளையே இல்லை. வயிறு காற்றால் உப்பியிருந்தது. என்னை வளர்த்தவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. விஞ்ஞானியிடம் போய்ச் சொன்னாள்.

"சார், அதுங்களால பால் உறிஞ்ச முடியல. செத்ததைத்தான் தாய் தின்னுது. முதல் நாளே வாயைத் திறந்து பாருங்க."

"அக்கா, நீங்க பெட்டியை ஒழுங்கா கழுவுங்க. உங்க சத்தத்துலதான் அதுங்க மிரளுது. இன்னொரு ஈத்துல குட்டி குறைஞ்சா, உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்."

எழுதும்போதே எனக்குப் பல் நறநறக்கிறது. முகத்தை ஆராய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், ஒரு குட்டியின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பாதிப் பழியைத் தாய் எலியின் தலையில் கட்டினார், மீதியை என் அம்மாவின் தலையில்.

அடுத்த ஈத்தில் அம்மா சட்டத்தை மீறினாள். காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து, மூச்சு நின்றிருந்த இரண்டு குட்டிகளை எடுத்துப் போய் விஞ்ஞானியின் மேசையில் வைத்தாள்.

"வேலை போனா போகட்டும். வாயைத் திறங்க."

அவர் முதலில் கத்தினார். பிறகு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். அண்ணம் நடுவில் சேரவே இல்லை. வாயிலிருந்து மூக்குக்குள் நேராகத் தெரிந்தது. இரண்டாவதிலும் அதேதான். "அக்கா, நம்ம கணக்கே தப்பு. நாம தேடின குட்டிங்க இதுங்கதான், பிறந்து செத்திருக்கு. இது பெரிய விஷயம்" என்று துள்ளினார். வேறு ஆளைப் போடும் பேச்சு அதோடு போயிற்று.

"அந்தப் பதினாலு அட்டை?" என்றாள் அம்மா.

"அது எதுக்கு? பாதி எலிங்களைக் கொன்னாச்சே."

"தப்பா எழுதினா எழுதினவங்களே ஒரு கோடு போட்டு அடிச்சு, கையெழுத்தும் தேதியும் போடணும். நீங்க வச்ச சட்டம்தானே?"

பதினான்கையும் அடித்தார். அம்மா பக்கத்தில் நின்று எண்ணினாள். ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிட வந்தார். பாதிச் சாப்பாட்டில் வழக்கம்போல, "உங்கம்மாவுக்குப் பால் குடுக்கவே..." என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். அம்மா அட்டையை அவர் தட்டருகே வைத்தாள்.

"என்ன இது?"

"திருத்தம், அண்ணி. அந்த எலிக்குக் கிடைச்சிருச்சு."

அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில், சிவப்பு மையில் அத்தையின் வாக்கியம், கீழே நான் பிறந்த தேதி. பேனாவையும் வைத்தாள்.

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை, பேனாவைப் பிடுங்கி நானே கோடு போடப் போனேன்.

"நீ போட்டா செல்லாது. சொன்னவங்கதான் அடிக்கணும்" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

யாரும் கை கழுவ எழவில்லை. அத்தை பேனாவை எடுத்தபோது தட்டுகள் காய்ந்துபோயிருந்தன. கோடு கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட்டார், தேதி போடாமல் பேனாவை வைத்தார். அம்மா அதை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.