வெளுத்த ஈறு

அந்தமானின் லாங் ஐலண்டில் எங்கள் தெருவில் திரிந்த செவலை நாய்க்கு ஒருநாள் மூக்கில் ரத்தம் வடிந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனைவி அதன் காது மடலைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே உண்ணிகள் அப்பிக் கிடந்தன.

போர்ட் பிளேரில் இருக்கும் கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தேன்.

"உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க," என்றார்.

ஈறு வெளுத்திருந்தது.

"உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு. கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும். மாத்திரை மட்டும் பத்தாது, ரத்தம் ஏத்தணும். உடனே கூட்டிட்டு வாங்க."

நாயைச் சாக்கில் சுற்றி, போர்ட் பிளேர் படகைப் பிடிக்க ஜெட்டிக்குத் தூக்கிப்போனோம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"போட் பந்த், அண்ணா. மௌசம் கராப், காத்தும் மழையுமா இருக்கு. நாளைக்கு ஓடுறதும் சந்தேகம்தான்," என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

மருத்துவர் சொன்ன மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, மீனுக்குள் வைத்து நீட்டினோம். நாய் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாயைத் திறந்து ஊட்டினால் வாந்தி எடுத்தது.

"வேற ஏதாச்சும் பண்ண முடியுமான்னு கேளுங்களேன்," என்றாள் மனைவி.

மறுபடியும் மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"தண்ணி குடுத்துப் பாருங்க. பக்கத்துலயே இருங்க," என்றார்.

இருந்தோம். மறுநாள் மதியம், மனைவி தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றுவிட்டது.

தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டினேன். மழையில் மண் சரிந்து சரிந்து விழுந்தது. கடைசிவரை ஆழமாக வெட்டவே முடியவில்லை.